பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு நாடகம்: இயக்கம் கற்க எந்த விருதுப் பட்டியல்?

எங்கள் நாடகக் குழுவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். இந்த ஆண்டு ஒரு முடிவு எடுத்தோம். மாதம் ஒரு நாடகத்தை வீடியோ பதிவில் பார்ப்பது, பார்த்த பிறகு கதையையும் நடிப்பையும் ஓரமாக வைத்துவிட்டு இயக்குநரின் வேலையான இயக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது. எதைப் பார்ப்பது என்று கேட்டபோது ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சொன்னவை எல்லாம் நடிகருக்காகப் பேசப்பட்ட நாடகங்கள், அல்லது எழுதியவருக்காகப் பேசப்பட்டவை. இயக்குநருக்காக ஒரு நாடகத்தை யாரும் சொல்லவில்லை. அது எங்கள் குற்றமும் இல்லை. வசனம் புத்தகமாக வந்துவிடும், நடிகரின் முகம் நினைவில் நிற்கும், இயக்குநர் செய்த வேலை மட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது.

அப்போதுதான் இயக்கத்துக்கென்று ஆண்டுதோறும் விருது தருகிறார்களே, அந்தப் பட்டியல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை வந்தது. சரி, எந்த விருது? தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டு தேடினேன். எந்த அரங்குகளைக் கணக்கில் எடுக்கிறார்கள்? யார் ஓட்டுப் போடுகிறார்கள்? நாடகத்தையும், பாட்டும் நடனமுமாக நடக்கும் மியூசிக்கலையும் சேர்த்து வைக்கிறார்களா, பிரித்து வைக்கிறார்களா? கடைசியாக, எங்களுக்கு மிக முக்கியமானது: விருது பெற்றதை இங்கிருந்து பார்க்க முடியுமா?

எல்லோருக்கும் தெரிந்த டோனியிலிருந்து தொடங்கலாம். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்கு 1947 முதல் தரப்படும் விருது. அன்டொனெட் பெர்ரி என்ற பெண்மணியின் செல்லப்பெயர்தான் டோனி. அவர் நடிகையாகத் தொடங்கி இயக்குநரானவர். 1944-இல் 'ஹார்வி' நாடகத்தை இயக்கியவர். 1946-இல் இறந்தார், அடுத்த ஆண்டே அவர் பெயரில் விருது வந்துவிட்டது. முதல் ஆண்டு இயக்கத்துக்கான விருது 'ஆல் மை சன்ஸ்' நாடகத்துக்காக எலியா கசானுக்குப் போனது. 1960-இல் இந்த விருதை இரண்டாக்கினார்கள்: நாடக இயக்கத்துக்கு ஒன்று, மியூசிக்கல் இயக்கத்துக்கு ஒன்று.

ஒரு பெண் இயக்குநரின் பெயரில் உள்ள இந்த விருதை இயக்கத்துக்காக ஒரு பெண் வாங்க எத்தனை ஆண்டு ஆனது தெரியுமா? 51. கேரி ஹைன்ஸ் 'தி பியூட்டி குவீன் ஆஃப் லீனேன்' நாடகத்துக்காக 1998-இல் வாங்கினார். அதே இரவில் மியூசிக்கல் பிரிவில் 'தி லயன் கிங்' இயக்கிய ஜூலி டேமோரும் வாங்கினார். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. லண்டனின் ஒலிவியர் விருது தொடங்கியதே 1976-இல்தான். அங்கே டெபோரா வார்னர் 'டைட்டஸ் அன்ட்ரானிகஸ்' நாடகத்துக்காக 1988-இலேயே வாங்கிவிட்டார். எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதில் இருக்கும் பெயர்களோடு இல்லாத பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே குழுவில் சொன்னேன்.

டோனியின் எல்லை குறுகியது. 500 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள, பிராட்வே என்று வரையறுக்கப்பட்ட 41 அரங்குகள் மட்டும்தான் கணக்கு. பக்கத்துத் தெருவில் 200 பேர் உட்காரும் அரங்கில் ஓர் இயக்குநர் என்ன செய்தாலும் டோனிக்கு அது நடக்காத நாடகம். ஓட்டுப் போடுபவர்கள் சுமார் 800 பேர். தயாரிப்பாளர்கள், அரங்க உரிமையாளர்கள், பிராட்வே நாடகங்களை மற்ற ஊர்களுக்கு வரவழைத்து நடத்துபவர்கள் எல்லாம் அதில் உண்டு. எந்த நாடகம் ஊர் ஊராகப் போய் வசூலிக்கும் என்று யோசிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இயக்கம் கற்க வந்தவனுக்கு அந்தக் கணக்கு தேவைப்படாது.

இதில் நான் கவனிக்காமல் விட இருந்த ஒன்று உண்டு. யார் யார் போட்டியில் நிற்பது என்ற பரிந்துரைப் பட்டியலைத் தயாரிப்பது இந்த 800 பேர் அல்ல. அதற்குச் சில டஜன் பேர் கொண்ட தனிக் குழு இருக்கிறது. அந்தப் பருவத்தின் நாடகங்கள் அனைத்தையும் பார்ப்பது அவர்கள் கடமை. போட்டியிலுள்ள நாடகத்தில் அவர்களுக்குப் பங்கு இருக்கக் கூடாது. ஆக, டோனியில் வென்ற ஒரு பெயரைவிடப் பரிந்துரையான ஐந்தாறு பெயர்கள்தான் எங்களைப் போன்றவர்களுக்கு மதிப்புள்ளவை. வென்றவர்களை மட்டும் வரிசையாக எழுதிவைத்த என் முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அப்புறம் ஒலிவியர். லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்ட் அரங்குகளின் சங்கம் 1976-இல் தொடங்கியது. 1984-இல் நடிகரும் இயக்குநருமான லாரன்ஸ் ஒலிவியரின் பெயரைச் சூட்டினார்கள். வெஸ்ட் எண்ட் என்று பெயர் இருந்தாலும் நேஷனல் தியேட்டர், ராயல் கோர்ட், யங் விக் போன்ற அரங்குகளும் இதற்குள் வருகின்றன. இவை டிக்கெட் வசூலை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. அரசு உதவி பெறுபவை, ஓர் இயக்குநருக்கு ஒத்திகைக்கும் பரிசோதனைக்கும் நேரம் தரக்கூடியவை. தேர்வுக்குழுவில் தொழில்முறை ஆட்களோடு, விண்ணப்பித்துத் தேர்வான சாதாரண நாடக ரசிகர்களும் உட்காருகிறார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒருவரின் கண் அங்கே இருக்கிறது என்பது எனக்குப் பிடித்தது.

இரண்டு விருதுகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2015 முதல் 2020 வரை நாடக இயக்கத்துக்கு டோனி வாங்கிய ஆறு தயாரிப்புகள்: 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்', 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்', 'இன்டீசன்ட்', 'ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்ட்', 'தி ஃபெர்ரிமேன்', 'தி இன்ஹெரிட்டன்ஸ்'. இதில் ரெபெக்கா டைச்மன் இயக்கிய 'இன்டீசன்ட்' தவிர மற்ற ஐந்தும் இயக்கத்துக்கான ஒலிவியரை ஏற்கெனவே வாங்கியவை! மரியான் எலியட் 2013-இல், இவோ வான் ஹோவ் 2015-இல், ஜான் டிஃபனி 2017-இல், சாம் மெண்டிஸ் 2018-இல், ஸ்டீபன் டால்ட்ரி 2019-இல். லண்டனில் ஜெயித்து, அட்லாண்டிக்கைக் கடந்து போய், ஒன்றிரண்டு ஆண்டு கழித்து நியூயார்க்கில் மறுபடி ஜெயித்திருக்கிறார்கள். இது புதிய பழக்கமும் இல்லை. ட்ரெவர் நனும் ஜான் கெய்ர்டும் சேர்ந்து இயக்கிய எட்டரை மணி நேர 'நிக்கலஸ் நிக்கல்பி' 1980-இல் லண்டன் விருதையும் 1982-இல் டோனியையும் இதே வழியில்தான் வாங்கியது. முதலில் பார்த்தவர்களின் பட்டியல் இருக்கும்போது பிறகு பார்த்தவர்களின் பட்டியலை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

ஆனால் ஒலிவியரிலும் பெரிய குறை ஒன்று உண்டு. இப்போது அங்கே இயக்கத்துக்கு ஒரே விருதுதான். நாடகமும் மியூசிக்கலும் ஒரே தட்டில். இதனால் என்ன ஆகிறது என்பதற்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியில் தொடங்கும் கதையான 'லைஃப் ஆஃப் பை', லொலிட்டா சக்ரபர்த்தியின் நாடகமாக்கத்தில், மேக்ஸ் வெப்ஸ்டர் இயக்கத்தில் மேடையேறியது. 2022 ஒலிவியரில் ஐந்து விருதுகள். சிறந்த புதிய நாடகம், அரங்க அமைப்பு, ஒளியமைப்பு, இலங்கையைச் சேர்ந்த ஹிரன் அபேசேகரவுக்குச் சிறந்த நடிகர். அதோடு, புலிப் பொம்மையை இயக்கிய ஏழு பேருக்கும் சேர்த்துச் சிறந்த துணை நடிகர் விருது. ஏழு பேர் சேர்ந்து ஓர் உயிராக மூச்சுவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டு ஒரு விருதைப் பகிர்ந்து கொடுத்தது அழகான தீர்ப்பு. ஆனால் அந்த ஏழு பேரையும் ஒரு படகையும் கடலையும் ஒரு நடிகரையும் கோர்த்த வேலைக்குக் கிடைக்கவில்லை. இயக்குநர் விருது 'கேபரே' மியூசிக்கலுக்காக ரெபெக்கா ஃப்ரெக்னலுக்குப் போனது. ஃப்ரெக்னல் அதற்குத் தகுதியானவரே. என் வருத்தம் அவர் மீது அல்ல. பாட்டும் வாத்தியமும் நடனமும் கையில் இருக்கும் ஒருவரையும், மௌனத்தை வைத்துக் காட்சியை நகர்த்தும் ஒருவரையும் எப்படி ஒப்பிடுவது? டோனியில் நாடகத்துக்குத் தனிப் பிரிவு இருப்பதால் 2023-இல் வெப்ஸ்டர் தன் வகையைச் சேர்ந்தவர்களோடு மட்டும் பரிந்துரையில் நின்றார். அங்கும் அவர் வெல்லவில்லை, 'லியோபோல்ட்ஷ்டட்' இயக்கிய பேட்ரிக் மார்பர் வென்றார். ஆனாலும் அது நியாயமான வரிசை.

2024-இல் ஜேமி லாய்டின் 'சன்செட் புலவார்ட்' என்ற மியூசிக்கல், 2025-இல் எலினே ஆர்போவின் 'தி இயர்ஸ்' என்ற நாடகம் என ஒலிவியர் இப்படி மாறி மாறித்தான் போகிறது. நாடக இயக்கம் மட்டும் வேண்டுமென்றால் நாமே சலித்து எடுக்க வேண்டும்.

நியூயார்க்கில் இன்னும் இரண்டு விருதுகளைப் பார்த்தேன். டிராமா டெஸ்க் 1955-இல் வேறு பெயரில் தொடங்கியது. விமர்சகர்களும் பத்திரிகையாளர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். பெரிய பிராட்வே அரங்கு, அதற்கு வெளியே உள்ள ஆஃப் பிராட்வே, அதற்கும் சிறிய இடங்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார்கள். நாடக இயக்கத்துக்குத் தனி விருதும் உண்டு. இயக்கத்தை இயக்கமாக மட்டும் பார்ப்பதற்கு இதுதான் சரியான அமைப்பு என்பது என் எண்ணம். செலவழித்த பணமும் இருக்கை எண்ணிக்கையும் இங்கே தகுதியாக ஆவதில்லை. ஓபி விருது 1956-இல் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை தொடங்கியது. பிராட்வேக்கு வெளியே உள்ள நாடகங்களுக்கு மட்டும். அதில் பரிந்துரைப் பட்டியலே கிடையாது, ஒரே ஆண்டில் பல இயக்குநர்களுக்குக் கொடுக்கலாம். ஒருவரை ஜெயிக்கவைக்க நால்வரைத் தோற்கவைக்க வேண்டியதில்லை என்ற மனநிலை அது.

சின்ன அரங்கைக் கணக்கில் எடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு 'ஸ்டீரியோஃபோனிக்' ஒன்றே போதும். 1970-களின் நடுவில் ஓர் இசைக்குழு ஆல்பம் பதிவுசெய்வதுதான் கதை. மேடையின் முன்பக்கம் ஒலிப்பதிவாளர் உட்காரும் கட்டுப்பாட்டு அறை, பின்பக்கம் கண்ணாடிக்கு அப்பால் பாடும் அறை. மூன்று மணி நேரம் இரண்டு அறைகளிலும் வாழ்க்கை நடந்துகொண்டே இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த அறையைப் பார்ப்பவர் கவனிக்க வேண்டும் என்பதை இயக்குநர் டேனியல் ஆகின் தீர்மானிக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம், மைக்கை அணைக்க மறந்த நேரம் எல்லாம் காட்சியாகிறது. 2023 அக்டோபரில் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் என்ற சிறிய அரங்கில் வந்தது. 2024 ஏப்ரலில் பிராட்வே போனது. இயக்கத்துக்கான டோனியும் அந்த ஆண்டே கிடைத்தது. அந்த ஆறு மாத இடைவெளியில் அந்த இயக்கம் இன்னும் சிறந்ததாக மாறிவிடவில்லை; இடம்தான் மாறியது. பிராட்வே போகாமல் நின்றுபோன எத்தனையோ நல்ல இயக்கத்தை டோனி பட்டியலில் தேடிப் பயனில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு டிராமா டெஸ்கையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். அமைப்பில் அதுதான் சிறந்தது என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். எங்களைத் தடுத்தது நான்காவது கேள்வி. நியூயார்க் நாடகங்கள் ஏராளமாகப் பதிவு செய்யப்படுகின்றன. லிங்கன் சென்டரில் உள்ள நிகழ்த்துகலை நூலகம் 1970 முதல் பதிவுசெய்து பாதுகாக்கிறது. ஆனால் அதை அந்தக் கட்டடத்துக்குள் போய், ஆய்வுக்கென்று சொல்லித்தான் பார்க்க முடியும். லண்டனில் நேஷனல் தியேட்டர் 2009-இல் வேறு வழியில் போனது: நாடகத்தை நேரலையாகவும் பதிவாகவும் திரையரங்குகளுக்கு அனுப்பத் தொடங்கியது. மும்பையில் என்சிபிஏ என்ற கலையரங்கம் இவற்றைத் திரையிட்டிருக்கிறது. 2020 டிசம்பரிலிருந்து வீட்டிலிருந்தே சந்தா கட்டிப் பார்க்கும் வசதியும் வந்தது. எங்களுக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்த விஷயம். பார்க்கவே முடியாத நாடகத்துக்கு என்ன விருது கொடுத்தாலும் அதிலிருந்து ஒத்திகைக்கு எதையும் எடுத்துப் போக முடியாது.

பதிவிலும் ஒரு கவனம் வேண்டும். கேமராவும் ஓர் இயக்குநர்தான். மேடையின் வலது மூலையில் ஒருவர் நிற்பதை அரங்கில் இருப்பவர் தானாகக் கண்டுபிடிப்பார். பதிவில் அந்த நேரம் நெருக்கக் காட்சி போட்டுவிட்டால் அந்த ஆளே இல்லை. ரூபர்ட் கூல்டுக்கு 2008-இல் ஒலிவியர் வாங்கித் தந்த 'மக்பெத்' பிறகு தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. அது மேடையில் எடுத்ததல்ல, வேறு இடத்தில் படமாக எடுத்தது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் பயிற்சிக்கு ஆகாது. முழு மேடையும் தெரியும் காட்சிகளில் நிறுத்திப் பார்ப்பது, நெருக்கக் காட்சியில் 'இப்போது மற்றவர்கள் எங்கே நிற்பார்கள்' என்று ஊகித்து எழுதிவைப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்.

நம் நாட்டு விருதுகளையும் சொல்லாமல் விடக்கூடாது. சங்கீத நாடக அகாதெமி விருது பெரிய மரியாதை. 1962-இல் இயக்கத்துக்காக இப்ராஹிம் அல்காஸிக்கும் 1976-இல் பி.வி. காரந்துக்கும் கிடைத்தது. ஆனால் அது ஒரு தயாரிப்புக்கான விருது அல்ல, ஒரு வாழ்நாளுக்கானது. 'இந்த நாடகத்தில் இவர் என்ன செய்தார்' என்று உட்கார்ந்து பேச அது உதவாது. 2006-இல் தொடங்கிய மஹிந்திரா நாடக விருது வேறு வகை. எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பிக்கலாம், மொழியில்லாமலும் விண்ணப்பிக்கலாம். வந்த நூற்றுக்கணக்கான பதிவுகளிலிருந்து பத்து நாடகங்களைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு வரவழைக்கிறார்கள். கமானி அரங்கிலும் ஸ்ரீராம் சென்டரிலும் ஒரே வாரத்தில் பத்தும் நடக்கின்றன. நடுவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பொதுமக்களும் பார்க்கலாம். சிறந்த இயக்குநர் விருது அதில் ஒரு பிரிவு.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றுதான். பத்து இயக்குநர்களும் ஏறக்குறைய ஒரே மேடையில், ஒரே மாதிரி விளக்குகளோடு, ஒரு நாள் அவகாசத்தில் தங்கள் நாடகத்தைப் பொருத்த வேண்டும். சொந்த ஊரில் மூங்கில் தட்டியும் மண்தரையுமாக இருந்த நாடகம் கமானியின் மேடையில் என்ன ஆகிறது என்று பார்ப்பதே இயக்கத்தில் ஒரு பாடம். மற்ற விருதுகளைப் பட்டியலாகத்தான் பார்க்க முடியும், இதை நேரில் பார்க்கலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, அவ்வளவுதான்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. பட்டியலின் முதுகெலும்பு ஒலிவியர். அதில் மியூசிக்கல்களைக் கழித்துவிட்டோம். அதோடு டோனியின் நாடக இயக்கப் பரிந்துரைகளில் பதிவு கிடைப்பவை. இரண்டு விருதும் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்ன நாடகங்களுக்கு முதலிடம். 'வார் ஹார்ஸ்' அப்படி ஒன்று. 2008 ஒலிவியரில் அரங்க அமைப்புக்கும் அசைவுக்கும்தான் விருது கிடைத்தது. 2011 டோனியில் மரியான் எலியட்டும் டாம் மோரிஸும் இயக்கத்துக்கே வாங்கினார்கள். குதிரைப் பொம்மை யாருடைய வேலை என்று அதைப் பார்த்த மாலை விடிய விடியச் சண்டை வரும் என்று எதிர்பார்க்கிறேன். 'தி லேமன் டிரைலஜி' இன்னொன்று: மூன்றே நடிகர்கள், சுழலும் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு பியானோ, ஒன்றரை நூற்றாண்டுக் கதை. டிராமா டெஸ்கையும் ஓபியையும் பெயர்கள் தெரிந்துகொள்ள மட்டும் வைத்திருக்கிறோம். அங்கே இன்று வரும் இயக்குநர் நாளை பதிவு கிடைக்கும் இடத்துக்கு வருவார். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, மார்ச்சில் டெல்லிக்கு மூன்று பேரை அனுப்பப் பணம் சேர்க்கிறோம்.

இயக்கம் கற்பது நோக்கமாக இல்லாமல் தங்கள் நாடகத்தை எங்காவது கொண்டுசேர்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். டெல்லிதான் முதலில், லண்டனும் நியூயார்க்கும் அவர்களுக்கு வெறும் செய்தி.

முதல் மாதத்துக்கு மட்டும் இரண்டு விருதும் ஒத்துப்போன ஒன்றை, இவோ வான் ஹோவின் 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்' நாடகத்தை எடுத்தோம். ஆர்தர் மில்லரின் நாடகம், புரூக்ளின் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் வீடு. ஆனால் மேடையில் வீடு இல்லை. மேசை இல்லை, ஜன்னல் இல்லை. தாழ்வான சுவர் கட்டிய ஒரு சதுரம், மூன்று பக்கமும் பார்ப்பவர்கள், வெறுங்காலோடு நடிகர்கள், இடைவேளை இல்லாமல் இரண்டு மணி நேரம். ஒருவன் தன் பலத்தைக் காட்டத் தூக்கும் நாற்காலி மட்டும் வருகிறது, ஏனென்றால் அது இல்லாமல் அந்தக் காட்சி இல்லை. பார்த்து முடித்ததும் குழுவில் இருந்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: நாம் இப்போது ஒத்திகை பார்க்கும் நாடகத்தில் எந்தெந்தப் பொருளை எடுத்துவிட்டால் காட்சி நிற்கும்? மறுநாள் ஒத்திகையில் கயிற்றுக் கட்டில், இரும்புப் பெட்டி, சுவர்க் கடிகாரம் மூன்றும் வெளியே போயின. கட்டிலை மட்டும் நான்காம் நாள் திரும்பக் கொண்டுவந்தோம்.